தர்க்கத்தைத் தமிழில் பழகி, தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழை பலருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கப் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். இதை வைத்து ஒருவர் இப்படி வாதிடுகிறார் என்று கொள்வோம்: ‘கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் நிலம் பெரும்பாலும் மழையை நம்பிய மானாவாரி பூமி. அந்த ஆண்டு மாவட்டத்தில் மழை சராசரியைத் தாண்டிவிட்டது. எனவே அந்தப் பருவத்தில் விளைச்சல் நன்றாக இருந்திருக்கும்.’ கரிசல்காட்டுச் சம்சாரி யாரிடம் சொன்னாலும் சிரித்துவிடுவார். புரட்டாசியில் விதைத்த உளுந்துக்கும் பாசிக்கும் வேண்டியது விட்டு விட்டு, அளவாகப் பெய்யும் மழை. காய் முற்றி நிற்கும் மார்கழிப் பிறப்பில் ஒரேயடியாகக் கொட்டினால், தண்ணீரை எளிதில் வடியவிடாத கரிசலில் பயிர் அழுகித்தான் போகும். ‘எவ்வளவு பெய்தது என்று சொல்கிறீர்கள், எப்போது பெய்தது, எந்த ஊரில் பெய்தது என்று பார்த்தீர்களா?’ என்று அவர் திருப்பிக் கேட்பார். மேலாண்மை மேற்படிப்புக்கான ஜிமேட் தேர்வும் இதே வகைக் கேள்வியைத்தான் ஆங்கிலத்தில் கேட்டு, விடை சொல்ல ஏறத்தாழ இரண்டு நிமிடம் தருகிறது.

‘கிரிட்டிக்கல் ரீசனிங்’ என்று பயிற்சி மையங்களில் சொல்லப்படும் இந்தக் கேள்விகளின் அமைப்பு எளியது. நான்கைந்து வரிகளில் ஒரு வாதம் இருக்கும். அதன் முடிவு எது, ஆதாரம் எது, இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விடப்பட்ட ஊகம் எது, எந்தப் புதிய தகவல் வந்தால் வாதம் வலுக்கும் அல்லது ஆட்டம் காணும் என்று கேட்பார்கள். 1954 முதல் நடந்துவரும் இந்தத் தேர்வின் இன்றைய வடிவம் 2023 நவம்பரில் வந்தது. மொழிப்பகுதியில் 45 நிமிடங்களுக்கு 23 கேள்விகள். இலக்கணத் திருத்தக் கேள்விகள் நீக்கப்பட்டு, வாசித்துப் புரிதலும் தர்க்கமும் மட்டும் எஞ்சின. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வு 2024 ஆகஸ்டில் புதிர்ப் பகுதியைக் கைவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு தர்க்கப் பகுதியைச் சேர்த்தது. நம் நாட்டில் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான ‘சிசாட்’, 2011 முதல் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து பெறத்தக்க முடிவு எது, அதன் பின்னுள்ள ஊகம் எது என்று கேட்டுவருகிறது. ஐ.ஐ.எம்.களுக்கான ‘கேட்’ தேர்விலும் வாசிப்புப் பகுதிக்குள் இதே கேள்விகள் வேறு உடையில் வருகின்றன. மனப்பாடம் உதவாத திறனுக்குத் தேர்வுகள் மேலும் மேலும் இடம் கொடுக்கின்றன.

இந்தத் திறனை நம் மாணவர்கள் பழகும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. பயிற்சி என்றால் ஆங்கிலக் கேள்விகளை நாளைக்கு இத்தனை என்று தீர்த்துத் தள்ளுவது, கடிகாரத்தைப் பார்ப்பது, விடைத்தாளோடு ஒப்பிட்டு மதிப்பெண் கூட்டுவது என்றே ஆகிவிட்டது. ‘எல்லா’, ‘மட்டுமே’ போன்ற சொல் வந்தால் அந்த விடையை அடித்துவிடு என்பது போன்ற குறுக்குவழிகளும் கூடவே வருகின்றன. கோவில்பட்டி வட்டாரத்தில் தமிழ்வழியில் படித்து வந்த ஒரு பட்டதாரிக்கு இது இரட்டைச் சுமை. பாஸ்டன் நகரத்து வாடகைச் சட்டத்தைப் பற்றிய ஆங்கிலப் பத்தியில் அவர் தடுமாறினால், தடுக்கியது மொழியா, பழக்கமில்லாத பொருளா, தர்க்கமா என்று அவருக்கே தெரியாது. நோய் எது என்று தெரியாமல் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். கடைசியில் ‘எனக்கு லாஜிக் வராது’ என்று ஒதுங்கிவிடுகிறார். அவருக்கு வராதது பெரும்பாலும் லாஜிக் அல்ல. இந்தப் பயிற்சியை முதலில் தமிழில், ஊரறிந்த விஷயங்களை வைத்துத் தொடங்க வேண்டும். ஆங்கிலமும் கடிகாரமும் அடுத்தடுத்த கட்டங்களில் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு உளவியலில் நல்ல சான்று உண்டு. பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட ஒரு புதிர் புகழ்பெற்றது. மேசை மேல் நான்கு அட்டைகள்: ஏ, கே, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டை எண் இருக்கும்’ என்ற விதி சரியா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? ஏ, 7 என்பதே சரியான விடை. படித்தவர்களிலும் பத்தில் ஒருவர் தேறுவதே அரிது. பெரும்பாலோர் 4ஐத் திருப்புகிறார்கள். 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதே புதிரின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினார்கள். பீர் குடிப்பவருக்கு உரிய வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி; யாரைச் சோதிப்பீர்கள் என்பது கேள்வி. பீர் குடிப்பவரின் வயதையும், வயது குறைந்தவர் கையிலிருக்கும் பானத்தையும் பார்க்க வேண்டும் என்று ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். தர்க்கத்தின் வடிவம் அதேதான். பழகிய பொருள் வந்ததும் அதே வகை மனிதர்கள் நன்றாக யோசித்தார்கள். இதற்கு ஏன் அமெரிக்கா வரை போக வேண்டும்? மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கம் சொல்லிக்கொடுக்கும்போது, மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்பு இருக்கிறது என்ற வாதத்துக்குத் திட்டாந்தமாக, அதாவது எடுத்துக்காட்டாக, காட்டுவது அடுக்களையைத்தான். கற்பவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கி, பிறகு போலி வாதங்களை ஒவ்வொன்றாக வகைபிரிக்கிறது அந்தக் காதை.

கோவில்பட்டியில் ஒரு கேள்வியை எப்படி அமைக்கலாம் என்று பார்ப்போம். வாதம் இது: ‘14 ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. எனவே உற்பத்தியாளருக்குப் பெட்டிக்கு ஒரு ரூபாய் கூடுதல் லாபம்.’ இதை மிகவும் பலவீனப்படுத்தும் தகவல் எது? அ) இத்தொழிலில் பெண் தொழிலாளர்களே அதிகம். ஆ) விலை உயர்வுக்கு முன் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாயாகவும், மெழுகு 58லிருந்து 80 ரூபாயாகவும் ஏறியிருந்தன. இ) மலிவு லைட்டர்கள் தீப்பெட்டி விற்பனையைக் குறைத்துவருகின்றன. ஈ) 2007இல் 50 பைசாவிலிருந்துதான் விலை ஒரு ரூபாய் ஆனது. அவசரப்படுபவர் இ) என்பார், ஊரே பேசும் குறை அது. ஆனால், லைட்டரால் குறைவது மொத்த விற்பனை. வாதமோ ஒரு பெட்டிக்கான லாபத்தைப் பற்றியது. உற்பத்திச் செலவு மாறவில்லை என்ற ஊகத்தின் மேல்தான் வாதம் நிற்கிறது. அதை உடைப்பது ஆ). இதோடு விடாமல், வாதத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறதா என்று தேடச் சொல்ல வேண்டும். கடை விலை உயர்வு முழுவதும் ஆலைக்கே போகிறது என்பதும் ஓர் ஊகம்தானே? 600 பெட்டி கொண்ட பண்டலை 270 முதல் 300 ரூபாய்க்குக் கொடுத்துவந்த ஆலைகள், அதை 430 முதல் 480 வரை உயர்த்தப்போவதாகத்தான் அப்போது அறிவித்தன. வகுத்துப் பார்த்தால் பெட்டிக்குக் கூடியது 30 பைசாவுக்கு மேல் இல்லை. இந்த ஒரு கேள்வியில் ஒரு மணி நேரம் செலவிட்ட மாணவர், அந்த நேரத்தில் முப்பது கேள்விகளைத் தள்ளியவரைவிட அதிகம் கற்றிருப்பார்.

ஆக, பயிற்சியின் அலகு கேள்விகளின் எண்ணிக்கை அல்ல, எழுதிய காரணங்கள்தான். சரியான விடை ஏன் சரி என்பதோடு, தவறான ஒவ்வொன்றும் எதனால் தவறு என்று ஒரு வரி எழுத வேண்டும். ஓர் ஊகம் வாதத்துக்கு அவசியமானதா என்று சந்தேகம் வந்தால், அதை மறுத்துப் பார்ப்பதே உரைகல்: மறுத்ததும் வாதம் சரிந்தால் அது அவசியமான ஊகம். உதாரணமாக, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. ‘இனி மலிவு லைட்டர் சந்தைக்கு வராது’ என்று அன்று முடிவுகட்டியவர், லைட்டர் முழுப் பொருளாக மட்டுமே நாட்டுக்குள் வரும் என்று தமக்குத் தெரியாமலே ஊகித்துக்கொண்டார். அதை மறுத்துப் பாருங்கள்: உதிரிப் பாகங்களாக வந்து இங்கே கோக்கப்பட்டால்? வாதம் விழுந்துவிடுகிறது. 2024 அக்டோபரில் உதிரிப் பாகங்களின் இறக்குமதிக்கும் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, அந்த ஓட்டை அரசாணையாலேயே அடைக்கப்பட்டது. தேர்வுக்குப் பழகுகிறவர் இதை அன்றே நாளிதழைப் படித்துக் கண்டுபிடித்திருக்க முடியும்.

‘தேர்வு ஆங்கிலத்தில், அதுவும் நிமிடக் கணக்கில். தமிழில் நிதானமாகப் பழகி என்ன பயன்?’ என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. பழகிய பொருளில் காட்டிய திறமை பழகாத பொருளுக்குத் தானாகத் தாவிவிடும் என்று நானும் சொல்லவில்லை. அதனால்தான் கட்டங்கள் தேவை. முதலில் தமிழில், அறிந்த பொருள். அடுத்து தமிழிலேயே, அறியாத பொருள். மூன்றாவது, அதே வாதங்கள் ஆங்கிலத்தில். கடைசியில்தான் புதிய ஆங்கிலக் கேள்விகளும் கடிகாரமும். இந்த வரிசையின் முக்கிய ஆதாயம், மாணவர் எந்தப் படியில் சறுக்குகிறார் என்று தெரிந்துவிடும். தமிழில் பத்துக்கு ஒன்பது சரியாகச் செய்பவர் ஆங்கிலத்தில் நான்குதான் செய்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது வாசிப்பு; இன்னொரு தர்க்கப் புத்தகம் அல்ல. தமிழிலேயே நான்கு என்றால், ஆங்கிலப் பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும் பலனில்லை. வேகமும் அப்படித்தான். வாதத்தின் எலும்புக்கூடு பார்த்தவுடன் தெரிகிற அளவுக்குப் பழகியவருக்கு இரண்டு நிமிடம் போதும். பழகாதவருக்கு இருபது நிமிடமும் போதாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. இந்தத் தேர்வுகளில் பத்திக்கு வெளியே உள்ள அறிவைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளூர் விஷயத்தைக் கொடுத்தால் மாணவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் உள்ளே கொண்டுவந்துவிட மாட்டாரா? கொண்டுவருவார், அதைக் கண்டுபிடித்துத் திருத்தத்தான் உள்ளூர்ப் பொருள் தேவை. 1931, 1932இல் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெக் கிராமங்களில், ‘பனி சூழ்ந்த தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. அங்குள்ள ஓர் ஊரில் கரடி என்ன நிறம்?’ என்று கேட்டார். எழுத்தறிவில்லாத விவசாயிகள் பலர், நாங்கள் அங்கே போனதில்லை, பார்த்தவர்களைக் கேளுங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார்கள். அது அறிவின்மை அல்ல; கொடுத்ததை மட்டும் வைத்து முடிவெடு என்ற ஆட்ட விதி அவர்களுக்குப் பழக்கமில்லை. சிறிது காலம் பள்ளிப்படிப்பு பெற்றவர்கள் அந்த விதியை எளிதில் பிடித்துக்கொண்டதையும் லூரியா பதிவுசெய்தார். கரிசல் மாணவருக்கு இதைப் பழக்கப் பயிர்க் காப்பீட்டைவிட நல்ல பொருள் இல்லை. ‘பிரீமியம் கட்டினேன், என் நிலத்தில் விளைச்சல் இல்லை, ஆகவே விதிப்படி இழப்பீடு வரும்’ என்பது வாதம். 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்பு பொதுவாகத் தனி நிலத்துக்குக் கணக்கிடப்படுவதில்லை; வருவாய்க் கிராமம் போன்ற ஒரு பகுதிக்கு, பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது. வாதம் நிற்காது. ஆனால், அந்த விதி நியாயமா என்பது வேறு கேள்வி. வீட்டுக் கவலையாக இருக்கும் ஒரு பொருளில் இவ்விரண்டையும் பிரிக்கக் கற்றவருக்கு, பாஸ்டன் வாடகைச் சட்டத்தில் பிரிப்பது கடினமாக இராது.

‘ஜிமேட் எழுதுவோர் எத்தனை பேர்? அதன் கட்டணமே சாமானியக் குடும்பத்துக்கு எட்டாது. இதற்கு ஏன் இவ்வளவு?’ என்பது மூன்றாவது மறுப்பு. ஒரு தேர்வை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால், இதே திறன் சிசாட்டில் கேட்கப்படுகிறது. அதில் 33 சதவீதம் எடுக்காதவருடைய முதல் தாள் மதிப்பெண் கணக்கிலேயே வராது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத முடிந்தாலும், இந்த முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. அதைத் தமிழிலும் தரக் கேட்பது நம் உரிமை. அது கிடைக்கும் வரை மாணவரைத் தயார்செய்வது நம் கடமை. தேர்வே எழுதாதவருக்கும், விதைக் கம்பெனி விளம்பரத்திலும் தேர்தல் மேடையிலும் வரும் வாதங்களை நிறுத்திப் பார்க்க இந்தப் பழக்கம் உதவும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைகள், தீப்பெட்டித் தொழிலைப் பற்றிய செய்திகள், காப்பீட்டு விதிகள் ஆகியவற்றிலிருந்து நூறு நல்ல கேள்விகளை ஊரின் கல்லூரிகளில் தமிழ், பொருளியல், கணிதத் துறைகள் ஒன்றுசேர்ந்து ஓர் ஆண்டில் எழுதிவிடலாம். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் அவற்றைப் பிழை பார்த்து, விடை விளக்கத்தோடு எல்லா மாவட்டங்களுக்கும் கொடுக்கலாம். சிசாட்டின் பழைய வினாத்தாள்கள் தேர்வாணைய இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலக் கட்டத்துக்கு அவை போதும். பயிற்சி மையத்துக்குப் பணம் சேரும் வரை மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு கட்டங்களுக்கு வேண்டியது அன்றைய நாளிதழ், ஒரு நோட்டு, தான் எழுதிய காரணத்தை மறுத்துப் பேச ஒரு நண்பர். இவ்வளவும் கையில் இருக்கும்போது, ‘எனக்கு லாஜிக் வராது’ என்ற முடிவுக்கு ஆதாரம் போதாது.