போல்ட்டுக்கு யாருங்க பொறுப்பு?

பார்க்குக்குப் போனா உடம்பு நல்லாயிருக்கும்னு டாக்டர் சொன்னார். எலும்பு டாக்டருக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கிறார்னு அப்போ தோணலை.

மாநகராட்சிப் பூங்காவுல வரிசையா இரும்பு ஜிம் வெச்சிருக்காங்களே, அதுல நின்னபடி காலை முன்னும் பின்னும் வீசுற மெஷின். ஏறின கொஞ்ச நேரத்துல இடது மிதி கழண்டு வந்துடுச்சு. வலது மணிக்கட்டு முறிஞ்சதுதான் மிச்சம். வலியோட திரும்பிப் பாத்தா, போல்ட் இருக்க வேண்டிய ஓட்டையில கட்டுக்கம்பி! அதுவும் துருப்பிடிச்ச கம்பி. ஆக, போல்ட் போனது யாருக்கோ எப்பவோ தெரிஞ்சிருக்கு. கம்பி கட்ட நேரமும் இருந்திருக்கு.

"சும்மா விடாதீங்க சார், நஷ்டஈடு கேளுங்க"ன்னு வாக்கிங் நண்பர்கள் உசுப்பிவிட்டாங்க. கேட்டேன்.

வார்டு ஆபீஸ்ல, "மெயின்டெனன்ஸ் எல்லாம் கான்ட்ராக்டர்தான் சார்." கான்ட்ராக்டரோ, "எனக்கு செடி, புல்லு, தண்ணி மட்டும்தான் சார், மெஷின் என் கணக்குல வராது." ஜோன் ஆபீஸ் ஒரு படி மேல: "நீங்க கொஞ்சம் பாத்து ஏறியிருக்கலாமே?" எப்படிங்க? ஸ்பேனரும் கையுமா வாக்கிங் போகணுமா?

அடுத்து, "ஏ.ஆர். காப்பி இருக்கா?" அரசு ஆஸ்பத்திரியில காயத்தைப் பதிவு பண்ற நோட்டோட நகலாம். வலியில துடிக்கிறவன் எந்த ஆஸ்பத்திரி காகிதம் செல்லும்னு விசாரிச்சுட்டா ஆட்டோ ஏறுவான்?

சரி, மெஷினையாவது போட்டோ எடுக்கலாம்னு போனா, மெஷினையே காணோம்! ரிப்பேர் பண்ண வராத வண்டி, அள்ளிட்டுப் போக மட்டும் வந்திருக்கு. அந்த இடத்துல பெயின்ட் காயாத ஒரு போர்டு: "உபகரணங்களைச் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்." இந்தச் சுறுசுறுப்பு ஒரு போல்ட் மேல இருந்திருக்கக் கூடாதா?

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமான்னு ஒரு வக்கீலைக் கேட்டேன். "டிக்கெட் வாங்கிட்டா உள்ள போனீங்க? இலவச சேவை அந்தச் சட்டத்துக்குள்ள வராது." அடடே! அஞ்சு ரூபா டிக்கெட் இருந்திருந்தா நான் நுகர்வோர். இல்லாததால வெறும் கை உடைஞ்சவன். அப்போ நான் கட்டுற சொத்துவரி? "வரி வேற, கட்டணம் வேற சார்." ரோட்டுல ஷேர் ஆட்டோ இடிச்சிருந்தா தனித் தீர்ப்பாயம் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு. பார்க்குல விழுந்தவனுக்கு சிவில் கோர்ட்தான். கேக்குற தொகைக்கு ஏத்த மாதிரி கோர்ட் ஃபீஸை முதல்ல கட்டிட்டு வரிசையில நிக்கணும்.

சட்டம் நம்ம பக்கம் இல்லைன்னா மனசு ஆறிடும். இருக்கே, அதுதான் எரிச்சல். டெல்லி சாந்தினி சவுக்குல மணிக்கூண்டு இடிஞ்சு விழுந்து ஆட்கள் செத்த வழக்குல, அதைக் கட்டிக்காக்க வேண்டிய மாநகராட்சிதான் பொறுப்புன்னு 1966-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதே டெல்லியில 1964-ல ஸ்கூட்டர்ல போனவர் மேல வேப்பமரக் கிளை முறிஞ்சு விழுந்து, அவர் இறந்துபோனார். குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டுன்னு உச்ச நீதிமன்றம் முடிவா சொன்னது 1999-ல. 35 வருஷம்! எனக்கு இப்போ வயசு 58. நீங்களே கூட்டிப் பாத்துக்குங்க.

பார்க் வாசல்ல திறப்பு விழாக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. அமைச்சர்லேருந்து கவுன்சிலர் வரைக்கும் பேரெல்லாம் பளபளன்னு. திறந்து வெச்சதுக்கு இத்தனை பேர் பேர் போட்டுக்கறாங்களே, கழண்டு விழுந்ததுக்கு ஒருத்தர்? ஒரே ஒருத்தர்? மாசாமாசம் வர்ற பிசியோதெரபி பில்லை இனிமே அந்தக் கல்வெட்டுலயே ஒட்டிட்டு வரலாம்னு இருக்கேன். பேர் இருக்கிற இடத்துலதானே பில்லைக் கொடுக்க முடியும்?