கறியைக் குறைப்போம், விருந்தைக் குறையோம்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். செய்யுளின் எண்வகை வனப்புக்களுள் புதுமை பற்றிய ஒன்றைத் தொல்காப்பியர் இச்சொல்லாலேயே குறித்தார். வீட்டுக்குப் புதிதாய் வந்தவர் விருந்து எனப்பட்டனர். அவர்க்கு இட்ட உணவு அப்பெயரைப் பின்னரே பெற்றது. இன்றோ உண்பவரை மறந்து உணவையே விருந்தென எண்ணுகின்றோம். இதனால் நம் வீட்டுக் கதவுகள் சிறிது சிறிதாக அடைபட்டு வருகின்றன என்பதே என் கவலை.

யான் வாழும் கொலன்னாவையிலும், தமிழர் மிகுந்து வாழும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களிலும், நாற்பது ஐம்பது பேரை வீட்டுக்கு அழைத்துச் சமைத்து உண்பிப்போர் அருகி வருகின்றனர். புதுமனை புகுவதாயினும் பிள்ளையின் பிறந்தநாளாயினும் வசதியுள்ளோர் மண்டபம் பேசுவர். அஃது இயலாதோர் கடையிற் சொல்லிச் சோற்றுப் பொதி எடுப்பிப்பர். அதுவும் இயலாதோர் ஒருவரையும் அழையாது விடுவர். வீடு சிறிது, எரிவாயு விலை பெரிது, உதவிக்கு ஆளில்லை என்று காரணங் கூறுவர். இவை பொய்யல்ல. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னிற்பது, கறி குறைந்தால் ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சமே.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், மகன் பல்கலைக்கழகம் புகுந்த மகிழ்ச்சியில் அயலாரை அழைக்க விரும்பினார். பதினொரு கறிக்குக் கணக்கெழுதிப் பார்த்தார். மாதச் சம்பளத்திற் பாதி கரையும் என்று கண்டார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒருவரையும் அழைத்திலர். ஐந்து கறிக்கு எழுதியிருப்பாரேல் அவ்வீதி முழுவதும் அவர் முற்றத்தில் அமர்ந்து அப்பிள்ளையை வாழ்த்தியிருக்கும். அம்மகிழ்ச்சியைத் தின்றவை எஞ்சிய ஆறு கறிகளே.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். அதன் பத்துக் குறளிலும் இத்தனை கறி வேண்டும் என்னும் பேச்சே இல்லை. விருந்தினர் முகம் வாடாமையே ஆங்குப் பெரிதாகப் பேசப்படுகின்றது. மோந்தால் வாடும் அனிச்சப்பூவினும் மெல்லியர் அவர். நம் முகம் சிறிது வேறுபட்டாலே வாடிவிடுவர் என்பது வள்ளுவர் கருத்து. கறி குறைந்ததால் வாடிய விருந்தினரை அவர் காட்டினாரல்லர்.

இளையான்குடி மாறனாரின் மனைவியார் வெவ்வேறு கறி சமைத்ததாகப் பெரியபுராணம் கூறுகின்றதே என்று கற்றறிந்தோர் வினவலாம். உண்மை. ஆனால் அவர் சமைத்தது எதனை? நள்ளிரவில், கொட்டும் மழையில், கணவர் புன்செய்க் குழியிற் பறித்துவந்த முற்றாத கீரையை. விதைத்த நெல்லையே வாரிவந்து சோறாக்கினர். விறகின்மையால் வீட்டின் கூரை வரிச்சையே அறுத்து எரித்தனர். ஆங்குப் பலவாயிற்று கைத்திறமேயன்றிக் கடைச்சரக்கன்று. கணவர் பறித்துவர மனைவியார் சமைத்தார் என்பதையும் மறத்தலாகாது.

பழங்காலத்தை விடுவோம், எம் அயலைப் பார்ப்போம். வெசாக் நாள்களிற் சிங்கள அன்பர்கள் வீதிதோறும் தன்சல் நடத்துகின்றனர். ஒரு பந்தலிற் கடலை, மற்றொன்றில் மரவள்ளிக்கிழங்கு, வேறொன்றிற் சோறு. பெரும்பாலும் ஒரு பந்தலுக்கு ஒரு வகையே. உண்டு செல்வோர் ஒருவரும் குறை கூறக் கேட்டிலேன். இஸ்லாமிய அன்பர்கள் நோன்புக் காலத்திற் பள்ளிவாசலிற் காய்ச்சும் கஞ்சி எத்தனையோ வீடுகளுக்குச் செல்கின்றது. அமிர்தசரசுப் பொற்கோயிலில் நாள்தோறும் பல்லாயிரவர் உண்ணும் உணவுக்கு ரொட்டியும் பருப்புமே அடிப்படை. 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையின் பெரும்பகுதியை மூழ்கடித்தபொழுது, எம்மவர் கைக்கு வந்த சோற்றுப் பொதியில் எத்தனை கறி என்று எண்ணியவர் எவர்?

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் ஒரு பாடம் கற்பித்தது. எரிவாயு உருளைக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று, கிடையாதொழிந்தபின் விறகு தேடினோம். ஒவ்வொரு கறியும் ஒரு தனி நெருப்பு என்பதை அன்று உணர்ந்த நாம், வரிசை குறைந்ததும் மறந்துவிட்டோம்.

ஐம்பது பேருக்குச் சமைத்தல் பெரு வித்தையன்று; கணக்கும் ஒழுங்குமே வேண்டும். ஆளுக்கு 125 கிராம் அரிசி எனக் கொண்டால் ஆறேகாற் கிலோ போதும். சிறு பானைக்குரிய நீர்க்கணக்கு பெருங்கிடாரத்துக்குப் பொருந்தாது. அரிசி பெருகும் அளவுக்கு ஆவியாகும் நீர் பெருகுவதில்லை. ஆதலின் நிறைய நீர்விட்டுக் கஞ்சி வடித்தலே நன்று. பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய்க் கறி, ஒரு வறை, சொதி ஆகிய ஐந்தும், அப்பளமும் பாயசமும் இருந்தால் இலை நிறையும். காய்களை முன்னாளே வாங்கிவைக்கலாம். தேங்காய்ப்பால் சேர்வனவற்றைக் கடைசியிற் சமைத்தல் வேண்டும். கொழும்பின் வெக்கையில் அவை விரைவிற் கெடும். சோற்றையும் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்திருத்தலாகாது.

இனி ஆடவர்க்கு ஒரு சொல். கோயில் மடத்தில் அன்னதானத்துக்குக் கிடாரம் ஏற்றி, வியர்வை வழிய நின்று சோறாக்கும் நீங்கள், உங்கள் வீட்டு அடுப்படியைக் கண்டதும் கூசுவது ஏன்? என் வீட்டிற் சோறு வடித்தல் என் பங்கு. தேங்காய் துருவுதல் என் மகன் பங்கு. ஐந்து கறியாதலால் மூவரும் முற்பகலிலேயே வேலையை முடிப்போம். என் மனைவியும் வந்தவரோடு பந்தியில் அமர்வாள். பதினொரு கறி சமைத்த இல்லாள் எல்லாரும் உண்டு சென்றபின், ஆறிய சோற்றை அடுப்படியில் நின்றபடியே உண்கின்றாள். வந்தவர் முகம் வாடாமை காத்த அவ்வீடு, அவள் முகம் வாடியதைக் கண்டிலது.

ஆதலால் அன்பர்களே, அடுத்த நன்னாளுக்கு அழைப்பவர் ஐந்து கறிக்கே கணக்கெழுதுக. அழைக்கப்பட்டவர் இலையை எண்ணாது உண்டு, வீடு திரும்பிய ஒரு திங்களுக்குள் தாமும் அவ்வாறே அழைக்க. முதலில் அழைப்பவர்க்குச் சிறிது துணிவு வேண்டும். இரண்டாமவர்க்கு அதுவும் வேண்டாம்.