கையொப்பம் இடுமுன்

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. 1996-இல் அம்மையத்தார் 13 ஊராட்சிகளைத் தேர்ந்து, 7 ஊராட்சிகளில் மட்டும் பயிற்சி பெற்ற ஊழியரை வீடுதோறும் அனுப்பினர். 35 வயது நிரம்பியோரின் வாயைப் பார்வையிடச் செய்தனர். மற்ற 6 ஊராட்சிகளோடு ஒப்பிடுகையில், புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்ததென 2005-இல் 'லான்செட்' ஏடு வெளியிட்டது. வாயைத் திறந்து காட்டிய எளிய மக்களின் இசைவன்றி இது கைகூடியிராது.

அதே மையத்தில் 1999-2000-இல் வேறொன்றும் நிகழ்ந்தது. விலங்குகளிடத்துப் போதிய அளவு சோதிக்கப்படாத மருந்து 26 வாய்ப்புற்று நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்தப்பட்டது. உரிய அனுமதியும் தக்க ஒப்புதலும் பெறப்படவில்லையென, அதில் ஈடுபட்ட பேராசிரியரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே 2001-இல் அறிவித்தது.

நமக்கு இதில் தனிக்கவலை உண்டு. நம் முதியோர் பலர் மலையாளம் பேசுவர், படிக்க அறியார். நோயாளிக்கு விளங்கும் மொழியில் விளக்கம் தரவேண்டும், எழுத்தறியார்க்கு நடுநிலைச் சாட்சி வேண்டும் என்பவை 2019-ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகள். தமிழில் தாள் கேட்கக் கூச்சம் வேண்டா. மறுத்தாலும் சிகிச்சை நிற்கலாகாது. நெறிக்குழுவில் பொதுமக்களில் ஒருவரும் அமரவேண்டும் என்கின்றன அவ்விதிகள். ஓய்வுபெற்ற நம் ஆசிரியப் பெருமக்கள் அவ்விடத்திற்கு முன்வருவார்களா?