ஏஜெண்டு யாருடைய ஆள்?

வேப்பூர் கூட்டுரோட்டுத் தேநீர்க் கடையில் சென்ற வாரம் ஒரு வாலிபரைச் சந்தித்தோம். தாயார் முந்திரிக்கொட்டை உடைத்து, கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளை. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கைப்பேசியை நம்மிடம் நீட்டி, "பாருங்கள், தோழர். எங்கள் வேலைக் குழுவில் நாங்கள் எட்டுப் பேர். இப்போது பத்து ஆகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த இரண்டும் மனிதர்கள் அல்ல" என்றார்.

"பின்னே யார்?" என்றோம். "ஏஜெண்டுகள்" என்றார். யார் எத்தனை வேலை முடித்தார், யார் தாமதம் என்று இரவு ஒன்பது மணிக்கு அவை பட்டியல் போடுகின்றனவாம். "அடுத்த மாதம் எட்டுப் பேரும் இருப்போமா என்று தெரியவில்லை" என்றபோது அவர் குரல் தாழ்ந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கம்பெனி ஊழியர்கள் வேலை விஷயங்களைப் பேசிக்கொள்ள ஸ்லாக், டீம்ஸ், நம் தமிழ்நாட்டு ஜோஹோவின் கிளிக் போன்ற செயலிகள் இருக்கின்றன. நம்மவர்களின் வாட்ஸ்அப் குழு மாதிரிதான். அதில் செயற்கை அறிவுக்கும் ஓர் உறுப்பினர் கணக்குத் திறக்கிறார்கள். அதன் கையில் ஒரு சாவியையும் கொடுக்கிறார்கள். எந்தப் பேச்சைப் படிக்கலாம், எந்தப் பதிவேட்டைத் திறக்கலாம், யாருக்கு உத்தரவு அனுப்பலாம் என்பதெல்லாம் அந்தச் சாவியைப் பொறுத்தது. சாவியைக் கொடுப்பவர் யார்? நிர்வாகம்! குழுவில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"இது கம்ப்யூட்டர்காரர்கள் சங்கதி, நமக்கென்ன?" என்று ஆலைத் தொழிலாளி கேட்கலாம். ஷிப்டு மாற்றமும் லீவு மறுப்பும் வாட்ஸ்அப்பில் வருகிற காலம் இது. இன்று சூப்பர்வைசர் அனுப்புகிற உத்தரவை நாளை ஏஜெண்டு அனுப்பும். விருத்தாசலம் பீங்கான் பட்டறையானாலும் கோயம்புத்தூர் பஞ்சாலையானாலும் வழி ஒன்றுதான்.

விவசாயத் தொழிலாளிக்கு இதன் ருசி முன்பே தெரியும். 100 நாள் வேலைத் திட்டத்தில் 2021இல் வருகைச் செயலியைக் கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால், மண் வெட்டிய கைக்குக் கூலி கிடைக்குமா என்பதே சந்தேகம். பணித்தளப் பொறுப்பாளரைக் கேட்டால் கைப்பேசியைக் காட்டுவார். கைப்பேசியிடம் யார் நியாயம் கேட்பது?

ஏஜெண்டு என்ற வார்த்தையும் நமக்குப் புதிதல்ல. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு ஆள் ஏற்றிச் செல்பவர்களைப் பார்த்தவர்கள் நாம். அதற்கும் முன்னால், இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் முன்னோரை அழைத்துப் போன கங்காணி யார்? நம் ஊர்க்காரன். நம் பாஷை பேசினான். மாமன், மச்சான் என்று உறவு கொண்டாடினான். ஆனால் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் கணக்குப் பார்த்து, தோட்ட நிர்வாகத்திடம் தலைக்காசு வாங்கினான். இன்றைய ஏஜெண்டும் குழுவில் நம் பாஷையில் வணக்கம் சொல்கிறது. கூட வேலை செய்யும் தோழனைப் போலப் பேசுகிறது. அது யாருடைய ஆள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கங்காணியாவது இரவில் தூங்கினான். இதற்குத் தூக்கமே கிடையாது.

ஆட்குறைப்பு என்பது வீண் பயமா? ஸ்லாக் செயலியை 2021இல் சுமார் 2,770 கோடி டாலருக்கு வாங்கியது அமெரிக்க சேல்ஸ்போர்ஸ் கம்பெனி. ஏஜெண்டுகளை விற்பதும் அதே கம்பெனிதான். வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் 9,000 பேராக இருந்ததை ஏஜெண்டுகளைக் கொண்டு சுமார் 5,000 ஆகக் குறைத்துவிட்டதாக 2025இல் அதன் தலைவர் மார்க் பெனியாஃப் தம் வாயாலேயே சொன்னார்.

யந்திரத்தின் மீது நமக்குப் பகை இல்லை. பத்து மணி நேர வேலையை ஐந்து மணி நேரத்தில் முடிக்கும் யந்திரம் வந்தால் உழைப்பாளிக்கல்லவா முதலில் சந்தோஷம்! மிச்சமான ஐந்து மணி நேரம் யாருக்கு என்பதுதான் கேள்வி. தொழிலாளிக்கு ஓய்வாக வருகிறதா, முதலாளிக்கு லாபமாகப் போகிறதா?

இன்னொரு கேள்வி: தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? கனடாவில் ஒரு விமானக் கம்பெனியின் பதில் சொல்லும் யந்திரம், ஒரு பயணியிடம் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. அந்த யந்திரத்தின் பேச்சுக்குத் தான் பொறுப்பல்ல என்று வாதாடியது கம்பெனி! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தை நிராகரித்து, கம்பெனியே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பயணிக்குக் கிடைத்த இந்த நியாயம் தொழிலாளிக்கும் வேண்டும். "நான் என்ன செய்ய, ஏஜெண்டு அப்படிச் சொல்லிவிட்டது" என்று எந்த மானேஜரும் தப்பித்துக்கொள்ள விடக் கூடாது.

நம் கையில் ஆயுதமே இல்லையா? உண்டு. ஆட்குறைப்புத் திட்டத்தை எதிர்த்து 1955இல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 80 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவு சேர்ந்தது. ஆட்குறைப்புக்கு இடம் தரும் யந்திர, தொழில்முறை மாற்றங்களுக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றது அது. நாம் எதிர்த்து வருகிற புதிய தொழில் உறவுத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தபோதும், இந்த முன்னறிவிப்பு விதியை விட்டுவிட முடியவில்லை. குழுவில் ஏஜெண்டைச் சேர்ப்பதும் தொழில்முறை மாற்றம்தான் என்று சங்கங்கள் வாதாட வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை இவை. ஏஜெண்டைக் குழுவில் சேர்க்குமுன் சங்கத்தோடு பேச வேண்டும். அது தரும் ஒவ்வொரு உத்தரவுக்கும் பொறுப்பான மனிதரின் பெயர் இருக்க வேண்டும். நம்மைப் பற்றி அது எழுதி வைப்பதை நாம் பார்க்கவும் மறுக்கவும் உரிமை வேண்டும். அதன் கணக்கை மட்டும் வைத்துக் கூலி பிடிப்பதோ வேலை நீக்கமோ கூடாது. வேலை நேரம் முடிந்தபின் அது கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது.

அந்த வாலிபரிடம் கேட்டோம்: "எட்டுப் பேரும் சங்கத்தில் இருக்கிறீர்களா?" "எங்களுக்கெல்லாம் சங்கம் வைக்கலாமா, தோழர்?" என்று திருப்பிக் கேட்டார். வைக்கலாம் என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்திவிட்டதைச் சொன்னோம். பேருந்து வந்துவிட்டது. ஏறும்போது நமது எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஏஜெண்டு இருக்கும் குழுவை நிர்வாகம் அமைத்துவிட்டது. ஏஜெண்டு இல்லாத குழு ஒன்றைத் தொழிலாளிகள் அமைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் சங்கம்.