எண்ணெய்க்கும் நீருக்கும் பகை உண்டா?

எண்ணெய் ஏன் நீரில் கரைவதில்லை என்னும் வினாவுக்கு வகுப்பறைகளில் பெரும்பாலும் தரப்படும் விடை, அவை ஒன்றையொன்று வெறுக்கின்றன என்பதே. 'நீர்வெறுப்பு' என்னும் கலைச்சொல்லும் இதற்குத் துணை நிற்கிறது. சொல் வேரூன்றிவிட்டது, அதை மாற்றுதல் எளிதன்று. விளக்கத்தையேனும் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

வெறுப்பு உண்மையாயின், மழை நனைத்த சாலையில் சிந்திய பெட்ரோல் துளியாகவே திரண்டு நிற்க வேண்டும். அதுவோ வானவில் நிறங்காட்டி மெல்லிய படலமாய் விரிகிறது. நீர் அதனை ஈர்க்கவே செய்கிறது.

வெப்பக் கணக்கும் இதனையே காட்டுகிறது. 25 டிகிரி சென்டிகிரேடில் ஒரு மோல் சமையலுப்பு நீரில் கரையும்போது சுமார் 4 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கிறது. பென்சீன் ஏற்பதோ சுமார் 2 கிலோஜூல்தான். ஆயினும் ஒரு லிட்டர் நீரில் உப்பு ஏறத்தாழ 360 கிராம் கரைய, பென்சீன் 1.8 கிராம் அளவே கரைகிறது. ஆகவே தடை வெப்பத்தில் இல்லை, என்ட்ரோபியில் இருக்கிறது. பென்சீன் மூலக்கூறு ஒன்று உட்புகுந்ததும், அதைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் தமக்குள் கொண்ட ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கைவிடாதிருக்கும் பொருட்டு, சில நிலைகளில் மட்டுமே திரும்பி நிற்க இயலுகிறது. அவற்றின் சுதந்திரம் குறைகிறது, என்ட்ரோபியும் குறைகிறது. 1945-இல் பிராங்க், எவன்ஸ் என்னும் இருவர் இதனைப் பனிக்கட்டிக்கு ஒப்பிட்டனர். உவமை நன்று, ஆனால் அங்கே மெய்யாகவே பனிக்கட்டி உறைகிறதென மாணவர்க்குச் சொல்லலாகாது.

இன்னொரு விந்தை: 16, 18 டிகிரிக்கு அருகில் பென்சீனின் கரைதிறன் மிகக் குறைவு. அதற்குக் கீழே குளிர்வித்தாலும் மேலே சூடேற்றினாலும் சற்றே உயர்கிறது. வெறுப்பென்னும் விளக்கம் இதற்கு என்ன விடை கூறும்?

களப் பணியாளர்க்கு இது வெறும் ஏட்டுக் கல்வியன்று. பெட்ரோல் கசிந்த கிணற்றில் மேலே மிதப்பதை வழித்தெடுத்தால் போதும், எண்ணெய்தான் நீரில் கரையாதே என்று கருதுவோர் உளர். இந்தியாவில் பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்படலாகாதென்பது விதி. அந்த ஒரு பங்கிலிருந்தே லிட்டருக்குப் 10 மில்லிகிராமுக்கு மேல் நீரில் இறங்கக்கூடும். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் குறித்துள்ள அளவோ 0.01 மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பென்சீன் இரத்தப் புற்றுநோய் விளைவிப்பது. எனவே மேற்பரப்பு தெளிந்த பின்னரும் அடிநீரை எடுத்துச் சோதித்தல் வேண்டும். அது எளிதில் ஆவியாவதால், புட்டியைக் காற்று சிறிதும் தங்காதபடி நிரப்பி மூடியே அனுப்புதல் வேண்டும்.