காபி விலை எகிறும்போது... நிழல் மரத்தை வெட்டினால் லாபமா? சின்ன விவசாயி கணக்கு என்ன சொல்கிறது?

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா காபியின் விலை ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 4 டாலரைத் தாண்டியது. 2001-ல் இதே காபி 50 சென்ட்டுக்கும் கீழே கிடந்தது. பிரேசிலில் மழை பொய்த்ததுதான் இந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம். ஆனால், விலை இப்படி ஏறும்போதெல்லாம் நம்மூர் மலைத் தோட்டங்களில் ஒரு யோசனை தலைதூக்கும். நிழல் மரங்களைக் கழித்துவிட்டு, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் காபிச் செடி வைத்தால் என்ன?

பெரிய எஸ்டேட்டுக்கு இது முதலீட்டு முடிவு. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது குடும்பத்தின் பிழைப்பு. இந்தியாவில் காபி விவசாயிகளில் 98 சதவீதத்துக்கும் அதிகமானோர் 10 ஹெக்டேருக்குக் குறைவாக நிலம் வைத்திருப்பவர்கள்தான்.

நிழல் காபி என்றால் என்ன?

பிரேசிலில் பெரும்பாலான காபி திறந்த வெயிலில், இயந்திரம் ஓட்ட வசதியாக வரிசை வரிசையாக வளர்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் காபி, இன்றைக்கும் மரங்களுக்கு அடியில்தான் வளர்கிறது. மேலடுக்கில் பலா, அத்தி, சில்வர் ஓக். அதற்குக் கீழே முள்முருங்கை. மரத் தண்டுகளில் மிளகுக் கொடி. இடையில் ஆரஞ்சு, வாழை. முள்முருங்கை பயறு வகை மரம் என்பதால் மண்ணில் தழைச்சத்தும் சேரும்.

மகசூலில் இந்த முறை பின்தங்கித்தான் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. இந்திய அரபிகா ஹெக்டேருக்கு அரை டன் அளவுதான் தருகிறது. வியட்நாமின் ரொபஸ்டா இரண்டரை டன்னை எட்டுகிறது. வேறு ரகம், வேறு நிலம், தண்ணீரும் உரமும் அதிகம் என்றாலும் இடைவெளி பெரியது. அப்படியிருந்தும் மரத்தை ஏன் விட்டுவைக்கிறார்கள்?

ஒரு வண்டு சொல்லும் பதில்

தமிழ்நாட்டில் விளையும் காபியில் பெரும்பகுதி அரபிகா. அரபிகாவுக்கு மிகப்பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். இந்த வண்டு காபிச் செடியின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு தண்டுக்குள் குடைந்து போய்விட்டால் மருந்து எட்டாது. செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. புதுச் செடி வைத்தால் காய்க்க 3, 4 வருஷம் ஆகும்.

இந்த வண்டுக்குப் பிடித்தது வெயில். வெயில் நேராக விழும் தண்டுகளைத் தேடித்தான் முட்டையிடுகிறது. அதனால் அரபிகா தோட்டத்தில் நிழல் என்பது பறவைகளுக்காக விட்டுவைத்த கருணை மட்டும் இல்லை. பூச்சி மருந்துச் செலவைக் குறைக்கும் வேலி. மரத்தை வெட்டிய வருஷம் காபி கூடுதலாகக் காய்க்கலாம். அடுத்தடுத்த வருஷங்களில் செடியே போய்விட்டால்?

இதோடு, சரிவான நிலத்தில் மழை நேரடியாக மண்ணில் அறையாமல் மரக்கிளைகள் தாங்கிக்கொள்கின்றன. உதிரும் இலை மண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. மார்ச், ஏப்ரலில் வர வேண்டிய பூ மழை தள்ளிப்போகும் வருஷங்களில் அந்த ஈரம்தான் செடியைக் காப்பாற்றுகிறது.

சரி, பணம் எங்கிருந்து வருது?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு உள்ளிட்ட கீழ்ப்பழனி மலைப் பகுதிகளில் காபிக்கு நடுவே மலைவாழை நிற்கும். 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்த விருப்பாச்சி வாழை இந்த மலைகளுடையதுதான். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்தப் பழம். காபி வருஷத்துக்கு ஒரு முறைதான் பணம் தரும். வாழை, மிளகு, பலா, ஆரஞ்சு எல்லாம் வேறு வேறு மாதங்களில் தரும். 2001 போல காபி விலை பாதாளத்துக்குப் போனால், மிளகை விற்று வீட்டுச் செலவைப் பார்க்கலாம். வாழையும் சாஸ்வதம் இல்லை. முடிக்கொத்து நோய் வந்து மலைவாழைத் தோட்டங்கள் அழிந்த கதையும் அதே மலையில்தான் நடந்தது. அப்போது கைகொடுக்க காபி இருந்தது.

ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பது விருத்தாசலம், பண்ருட்டி பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோது முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பல வருஷ வருமானம் ஒரே காலையில் போனது. விருத்தாசலத்தின் வெயிலில் காபி விளையாது என்பது வேறு விஷயம். ஆனால், மலையில் நிற்கும் மரங்களுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. ஊரை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு கல்வராயன் மலையில் பிறக்கிறது. அது போய்ச் சேரும் வெள்ளாற்றின் இன்னொரு கிளையான வசிஷ்ட நதி, சேலம் மாவட்ட மலைகளிலிருந்து வருகிறது. கிழக்கு மலைகளில் மரம் குறைந்தால் மழைத் தண்ணீர் வெள்ளமாக ஓடி, சீக்கிரமே வற்றும்.

எல்லா நிழலும் ஒன்றா?

இல்லை. நிழல் அதிகமானாலும் ஆபத்து. காற்றோட்டம் இல்லாத தோட்டத்தில் இலைத்துரு நோய் பரவும், காய்த் துளைப்பானும் பெருகும். அதனால் வருஷாவருஷம் கிளை கழிக்க ஆள் வேண்டும். ஆள் கிடைப்பதும் கூலி கொடுப்பதும்தான் இப்போது பெரிய தலைவலி.

அடுத்த சிக்கல் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் நேராக, வேகமாக வளரும். மிளகு ஏற வசதி. தடியாக விற்கலாம். நாட்டு மரத்தை வெட்ட 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க அலைய வேண்டும் என்ற பயமும் விவசாயிகளை சில்வர் ஓக் பக்கம் தள்ளுகிறது. விளைவு, பலாவும் அத்தியும் நின்ற இடத்தில் ஒரே வகை மரம். பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் பறவைக்குத் தின்னப் பழம் இருக்காது.

நிழலுக்கு யார் காசு கொடுப்பது?

இங்கேதான் அநியாயம். மரத்தைக் காப்பாற்றும் செலவு விவசாயிக்கு. 'நிழலில் விளைந்தது' என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்கும் லாபம் வேறு யாருக்கோ. சிறு விவசாயிகள் பலர் பழமாகவோ, உலர்த்திய கொட்டையாகவோ வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் அந்தக் காபி எந்த மலையில் விளைந்தது என்பதே தெரியாது.

ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகளின் காபி, ஊர்ப் பெயரோடு பாரிஸ் கடை வரை போயிருக்கிறது. 2019-ல் கூர்க், வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுடன்கிரி என 5 காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் தமிழ்நாட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஏற்காட்டுக்குக் காபி வந்து ஏறக்குறைய 200 வருஷம் ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வாய்ப்பு ஐரோப்பாவிலிருந்து வருகிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் கொண்டுவந்தது. அமலாக்கம் இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. மரத்தை வெட்டாத நம் விவசாயிக்கு இது சாதகம்தான். ஆனால், அதை நிரூபிக்க ஒவ்வொரு தோட்டமும் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரம் வேண்டும். விவசாயிகளைப் பதிவு செய்யும் வேலையை காபி வாரியம் செயலி மூலம் நடத்துகிறது. எல்லை அளக்காத நிலமும், தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவும் வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் ஏற, முதலில் தாலுகா ஆபீஸுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.