பிழை வழியில் தங்கும் மெமரி

தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்தால் எங்கள் ஊர்க்காரர்களின் கை தானாக 108-ஐ அழுத்தும். 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்த அந்த ஆம்புலன்ஸ் சேவைக்குப் பின்னால் இருக்கும் கணினியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. டேட்டாபேஸ் நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கோ ஒவ்வொரு சைரனுக்கும் லண்டன்தான் நினைவுக்கு வரும்.

1992 நவம்பர் 4 அதிகாலையில் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி படுத்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு புரோகிராமர் நிரலில் கைவைத்தபோது எடுக்க மறந்த சில வரிகள்தான் காரணம். ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் அவை சர்வரில் கொஞ்சம் மெமரியைப் பிடித்தன, திருப்பிவிடவில்லை. மெமரி தீர்ந்ததும் எல்லாம் நின்றது. மாற்று சர்வரும் கைகொடுக்காமல், ஊழியர்கள் காகிதத்துக்கே திரும்பினார்கள்.

லண்டனில் அது ஒவ்வொரு அனுப்புதலிலும் நடந்தது; ஆனால் இப்படி மெமரியைப் பிடித்துவிட்டுத் திருப்பாத ‘மெமரி லீக்’ பல சமயம் ஒளிந்திருப்பது பிழை வழியில், அதாவது ஏதாவது தவறும்போது நிரல் போகும் பாதையில். டேட்டாபேஸில் ஒரு வரிசையைப் படிக்க இடம் ஒதுக்குகிறோம். படிக்கிறோம். ‘பிழை வந்தால் ரிட்டர்ன்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ஒதுக்கிய இடத்தை விடும் வரி. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் குறையே தெரியாது. நெட்வொர்க் தடுமாறும் நாளில் ரிட்டர்ன் முந்திக்கொள்ளும். விடுவிக்கும் வரிக்கு வேலையே வராது.

இதற்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கண்ட வழி எனக்குப் பிடிக்கும். ஒரு வினவலுக்காக வாங்கிய மெமரியை ஒரே தொகுப்பில் வைத்திருக்கும். வினவல் முடிந்தாலும் சரி, பாதியில் முறிந்தாலும் சரி, தொகுப்போடு காலி. ஆனால் நீண்டகாலத் தொகுப்பில் தவறிப் போட்டுவிட்டால் அதுவும் காப்பாற்றாது.

எஸ்கியூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸின் குழு இன்னும் கறார். முதல் மெமரி கோரிக்கையை வேண்டுமென்றே மறுத்துச் சோதிப்பார்கள்; அடுத்து இரண்டாவதை, பிறகு மூன்றாவதை. மறுக்க எதுவும் மிச்சமில்லாமல் போகும்வரை ஓட்டுவார்கள். தோல்வியின் ஒவ்வொரு வாசலிலும் நிரல் சுத்தம் செய்துவிட்டுத்தான் வெளியேறுகிறதா என்று பார்க்கும் சோதனை அது.

நம் அலுவலகங்களில் நடப்பது வேறு. “நைட்டு ஒரு ரீஸ்டார்ட் போட்டுடுங்க சார், சரியாயிடும்” என்பார்கள். சரியாகாது, கசிவின் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பிக்கும், அவ்வளவுதான். எனவே யாராவது நிரலைக் காட்டி “ஓடுது சார்” என்றால் நான் ரிட்டர்ன் வரிகளைத்தான் முதலில் தேடுவேன். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இந்த இடத்தில் கிளம்பினால், கையில் என்னென்ன இருக்கிறது?